கொஞ்சங்கொஞ்சமாய் வரும் விடுதலை



நம்முடைய சபைகளில் கண்டித்துப் பேசாத காரியம் ஏதாவது உண்டா? பீடி சிகரெட்டைக் குறித்துப் பேசுகிறோம். மதுவைக் குறித்து, சினிமாவைக் குறித்து, கடன் வாங்குவதைக் குறித்து, புறங்கூறுவதைக் குறித்துப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அன்பின் விருந்தன்று பிரியாணி அண்டாவின் மூடி திறக்கும்போது மாத்திரம் எல்லாரும் மௌனமாகிவிடுகிறோம். மூன்றாந்தரம் தட்டை நீட்டுகிற சகோதரனைப் பார்த்து, "நல்லா சாப்பிடுங்க பிரதர், கர்த்தர் கொடுத்ததுதானே!" என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி வைக்கிறோம். சிகரெட் பெட்டியை நீட்டினால் உபதேசம். பிரியாணிக் கரண்டியை நீட்டினால் உபசாரம்!

சிரிப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சேருகிற ஜெப விண்ணப்பச் சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். சுகர், பிரஷர், முழங்கால் வலி, மூச்சு வாங்குதல், கொழுத்த ஈரல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நம் தேசத்தில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறதாகவும் அது கணக்கிட்டது. பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றைச் சுற்றி அளவுக்கு மிஞ்சின கொழுப்பு. இவர்களெல்லாம் வேறு யாரோ அல்ல; நம் பாய்களில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

"பாஸ்டர், வெயிட் குறையணும், ஜெபம் பண்ணுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கலாம். ஆனால் ஒரு கேள்வி எழும்புகிறது. நம் கையாலேயே வாய்க்குக் கொண்டுபோனதை, தேவன் தம் கையால் எடுத்துப்போட வேண்டும் என்று கேட்பது நியாயமா? அவர் ஒரு நொடியில் செய்யக்கூடியதை, நாம் ஏன் வருஷக்கணக்காய் நடந்து நடந்து, அளந்து அளந்து செய்ய வேண்டும்? இதைக் கொஞ்சம் நிதானமாய்ச் சிந்திப்போம்.

ஒருவரையும் தராசில் நிறுத்தி நியாயந்தீர்க்காதிருங்கள்

இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே சிலர் மனதில் காயப்படுவார்கள். ஆகையால் இதை முதலாவது சொல்லிவிடுகிறேன்: பருமன் பாவத்தின் அடையாளம் அல்ல. பிறவியிலேயே சிலருக்கு எடை ஏறும் வாகு உண்டு. தைராய்டு குறைந்தால் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையால் ஏறும், இன்சுலின் ஊசியாலும் சிலருக்கு ஏறும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏறினது இறங்காமல் நிற்கும் தாய்மார் எத்தனை பேர்! இரவு ஷிப்ட் வேலை, தூக்கமின்மை, மனப்பாரம், எல்லாம் எடையைக் கூட்டும். ஏழை வீட்டில் பழத்தையும் காய்கறியையும்விட ரேஷன் அரிசியும் எண்ணெய்ப் பலகாரமும் மலிவு. அந்த வீட்டுத் தாய்க்குப் பெருந்தீனிக்காரி என்று பெயர் வைக்க நாம் யார்?

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒல்லியாய் இருக்கிறவன் கண்டபடி தின்னலாம். அவனை ஒருவரும் கேட்கிறதில்லை. கை கால் மெலிந்து வயிறு மாத்திரம் தள்ளினவர்களுக்கும் நம் தேசத்தில் சர்க்கரை வியாதி வருகிறது. ஆக, பாவத்தை எடை பார்க்கும் மெஷின் காட்டாது. நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று அந்நாட்களில் குறை சொன்னார்கள் அல்லவா? பார்த்த மாத்திரத்தில் பட்டம் கட்டுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. பிரசங்க பீடத்திலிருந்து ஒரு சகோதரனின் தொந்தியைக் காட்டி ஹாஸ்யம் பண்ணுவதும், "பொண்ணு இப்படிக் குண்டா இருந்தா எவன் கட்டுவான்?" என்று ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லுவதும் ஆத்துமாவைக் கொல்லுகிற காரியங்கள். அவமானத்தால் மெலிந்தவர்களைவிட, அவமானத்தால் ஒளிந்து நின்று சாப்பிட்டவர்களே அதிகம் இருப்பார்கள்.

அப்படியானால் சரீரம் யாருடையது?

குற்றம் இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று அர்த்தமாகாது. நம் வீட்டுக் கூரை புயலில் சேதமடைந்தால் அது நம் குற்றம் அல்ல. ஆனாலும் வேய வேண்டியது நாம்தான். சரீரமும் அப்படியே. பரிசுத்த ஆவியானவர் வாசம்பண்ணும் ஆலயம் என்று கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் எழுதினதை நாம் மனப்பாடமாய் அறிந்திருக்கிறோம். குடிக்காதவன், புகைக்காதவன் அந்த வசனத்தைத் தைரியமாய்ச் சொல்லுகிறான். அதே ஆலயத்தின் வாசலில் தினமும் எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுபோய்க் கவிழ்ப்பதை மறந்துபோகிறான்.

"என் உடம்பு, நான் பார்த்துக்கறேன்" என்கிறோம். உண்மையில் அது உங்களுடையது மாத்திரந்தானா? நீங்கள் விழுந்தால் உங்களைத் தூக்குவது யார்? பக்கவாதத்தில் படுத்த தகப்பனுக்குப் படுக்கை மாற்றுவது எந்த மகள்? டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை கூட்டிக்கொண்டு போகிறவனுடைய வேலை என்னவாகும்? இந்தச் சரீரத்துக்கு நாம் சொந்தக்காரர் அல்ல, உக்கிராணக்காரர். கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பரலோகத்தில் மட்டும் அல்ல, வீட்டிலேயும்!

ஏன் ஒரே நாளில் இல்லை?

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு ஆச்சரியமான காரியம் உண்டு. வாக்குத்தத்த தேசத்தின் குடிகளை ஒரே வருஷத்தில் துரத்திவிடப் போவதில்லை, கொஞ்சங்கொஞ்சமாகவே துரத்துவேன் என்கிறார் தேவன். செங்கடலைப் பிளந்தவருக்கு இது ஒரு வருஷத்து வேலையா? காரணத்தையும் அவரே சொல்லுகிறார். ஒரேயடியாய்க் காலி பண்ணினால் நிலம் பாழாய்ப்போகும், காட்டு மிருகங்கள் பெருகிவிடும். ஜனங்கள் பெருகிக் குடியேறுகிற அளவுக்குத்தான் நிலம் காலியாக வேண்டும்.

சரீரத்திலும் இதே நியாயந்தான். பட்டினி கிடந்து வேகமாய்க் குறைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை; தசையும் சேர்ந்து கரைகிறது. பித்தப்பையில் கல் உண்டாக ஏதுவாகிறது. உள்ளே பசி என்கிற மிருகம் பெருகுகிறது. அமெரிக்காவில் "தி பிக்கஸ்ட் லூசர்" என்று ஒரு டெலிவிஷன் போட்டி நடந்தது. சில மாதங்களில் யார் அதிகமாய்க் குறைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷங்களுக்குப் பிறகு பரிசோதித்து, 2016-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் எடை திரும்ப ஏறியிருந்தது. அதுமட்டுமா? அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் மெதுவாய்க் குறைத்தவருக்குத் திரும்பவே திரும்பாதா? அப்படியும் சொல்ல முடியாது. மெதுவாய்க் குறைத்தவரும் பழைய சாப்பாட்டுக்குப் போனால் பழைய எடைக்கே போவார். காலியான இடத்தில் யார் குடியேறினார்கள் என்பதுதான் முக்கியம். பெருக்கி ஜோடித்து வெறுமையாய் விட்ட வீட்டுக்குப் பழையவன் இன்னும் ஏழு பேரோடு திரும்பி வந்த உவமையை நாம் அறிவோம். எடை போன இடத்தில் ஒரு நல்ல பழக்கம் குடியேறாவிட்டால், போனது கூட்டாளிகளோடு திரும்பும். பழக்கம் குடியேற நாள் பிடிக்கும். அதனால்தான் கொஞ்சங்கொஞ்சமாய்.

நாகமானை நினைத்துப் பாருங்கள். பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் உடனே செய்திருப்பான். யோர்தானில் ஏழுதரம் முழுகு என்றதும் கோபம் வந்துவிட்டது. நமக்கும் அப்படியே. "இருபத்தொரு நாள் தண்ணி மட்டும்" என்றால் ஆமென் என்கிறோம். "டீயில் சர்க்கரையைக் குறைத்து, தினம் அரை மணி நேரம் நட" என்றால், "இவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளிக்கிறோம். சிறிய கீழ்ப்படிதலில் பெருமைக்கு இடமில்லை. அதுதான் நமக்குக் கஷ்டம்.

ஆனால் அந்தச் சிறியதுக்கு என்ன பலன் தெரியுமா? அமெரிக்காவில் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. 80 கிலோ உள்ளவருக்கு ஐந்தரைக் கிலோ சொச்சம். சர்க்கரை வியாதி வரும் அபாயம் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 பங்குதான் குறைந்தது. நம்முடைய சென்னையிலும் 531 பேரை வைத்து இப்படி ஒரு ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீர்ப்படுத்தினவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வருஷத்தில் அபாயம் 28 பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாய்க் குறையாமலே இது நடந்தது! ஆகவே, "ரெண்டு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட குறையலையே" என்று சோர்ந்துபோகிற சகோதரியே, உள்ளே வேலை நடக்கிறது. மெஷினைப் பார்த்து அழாதே.

பட்டினி வேறு, உபவாசம் வேறு

நம் மத்தியில் ஒரு பழக்கம் மெதுவாய் நுழைகிறது. "உபவாசமும் ஆச்சு, வெயிட்டும் குறையும்" என்று இரண்டு கணக்கை ஒரே சீட்டில் எழுதுகிறோம். உபவாசத்தால் எடை குறைந்தால் அது பாவமா? இல்லை. ஆனால் எடை குறைப்பதற்கு உபவாசம் என்று பெயர் வைத்தால், அங்கே தேவனிடத்தில் ஒரு பொய் இருக்கிறது. தேவனைத் தேடுகிற நாளில் மெஷினைத் தேடினால் அது உபவாசம் அல்ல, டயட். டயட் இருக்கலாம், டயட் என்றே சொல்லுங்கள்.

பட்டினி மனுஷனைப் பரிசுத்தமாக்காது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். மனச்சாட்சியினிமித்தம் யுத்தத்துக்குப் போக மறுத்த 36 வாலிபர் தாமாகவே அதற்கு முன்வந்தார்கள். அவர்களில் அநேகர் பக்தியுள்ள சபைகளைச் சேர்ந்தவர்கள். யுத்தத்தால் பட்டினி கிடக்கிற ஜனங்களுக்கு எப்படி உதவலாம் என்று அறிய, ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. மனதுக்கு என்ன ஆயிற்று? இராப்பகல் சாப்பாட்டு நினைவே. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். எரிச்சல், சோர்வு, தனிமை. நல்லெண்ணத்தோடு வந்த நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அளவுக்கு மீறின பசி, சாப்பாட்டையே அவர்களுக்கு விக்கிரகமாக்கிவிட்டது. பெருந்தீனி செய்கிற அதே வேலையைக் கடும் பட்டினியும் செய்யும். இரண்டும் வயிற்றையே சிங்காசனத்தில் உட்கார வைக்கின்றன.

இன்னொன்று: சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், டாக்டரைக் கேளாமல் உபவாசம் இருக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ ஏதுவுண்டு. கேட்பது அவிசுவாசம் அல்ல, புத்தி. இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. டாக்டர் தேவை என்று சொல்லிப் போட்டுக்கொள்வது தவறல்ல. ஆனால் அதை நிறுத்தினவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று என்று 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஊசி போட்டாலும் பழக்கம் வேண்டும்.

மீதியானது எங்கே போக வேண்டும்?

இது விசேஷமாய்த் தாய்மாருக்கு. பிள்ளை மீதி வைத்த தோசை, புருஷன் மீதி வைத்த சோறு, ராத்திரி சட்டியில் ஒட்டினது, எல்லாம் அம்மா வயிற்றுக்கு. "வீணாக்கினா பாவம்ல?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஐயாயிரம் பேரைப் போஷித்த நம் ஆண்டவரும் ஒன்றும் வீணாய்ப் போகக் கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் மீதியை எங்கே போடச் சொன்னார்? கூடையில்! பன்னிரண்டு கூடை நிறைந்தது. சீஷர்களைப் பார்த்து, "இதையும் தின்று தீருங்கள்" என்று அவர் சொல்லவில்லை. பசியில்லாத வயிற்றில் போட்டதும் வீணாய்ப் போனதுதான், அம்மா. மூடி வையுங்கள், நாளைக்கு ஆகும். அடுத்த நாள் ஒரு கைப்பிடி அரிசி குறைத்துப் போடுங்கள்.

"சரீரப் பயிற்சியில் என்ன இருக்கு?" என்பவர்களுக்கு

தேவபக்தியோடு ஒப்பிட்டால் உடற்பயிற்சியின் லாபம் கொஞ்சம்தான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான். ஆனால் எழுதினவர் யார்? துரோவாவிலிருந்து ஆசோவுக்குத் தன்னோடிருந்தவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் தான் தரைவழியாய்ப் போனவர். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்! அவருக்கு வாக்கிங் போகச் சொல்லிப் புத்தி சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாமோ தெருமுனைக் கடைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறோம். அவர் சொன்ன அந்தக் "கொஞ்சம்" நமக்கு இல்லையே!

முழங்காலில் நிற்க முடியாமல் நாற்காலி கேட்கிறவர்கள் சபையில் எத்தனை பேர்? நாற்காலியில் இருந்து ஜெபித்தாலும் தேவன் கேட்கிறார், அதில் குறைவில்லை. ஆனால் இதையும் கேளுங்கள்: முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் 4 கிலோ சுமை குறைகிறதாம். ஐந்து கிலோ குறைந்தால் இருபது கிலோ!

நடைமுறையில் என்ன செய்யலாம்?

1. டீயிலிருந்து தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். வருஷத்துக்குப் பதினாலரைக் கிலோ! முதல் வாரம் ஒன்றரைக் கரண்டி, பிறகு ஒன்று, பிறகு அரை. நாக்கும் கற்றுக்கொள்ளும்.

2. சோறு சத்துரு அல்ல. சோற்றுக் குவியல்தான் சத்துரு. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள்.

3. மெதுவாய் மென்று சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். ஸ்தோத்திரம் பண்ணிவிட்டு ஐந்து நிமிஷத்தில் முடித்தால், செய்தி வருமுன் இரண்டாந்தரம் வாங்கிவிடுவோம்.

4. முதலில் தினம் 10 நிமிஷம் நடங்கள். வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று கொண்டுவாருங்கள். சாப்பிட்டவுடன் பத்து நிமிஷம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத்தரம் எழுந்து உட்காருங்கள். தொடைத் தசை பலப்படும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

5. தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும். முழு இரவு ஜெபத்துக்கு அடுத்த நாள் இளைப்பாறுங்கள். சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. அப்பமும் தண்ணீரும், நடுவே தூக்கமும்.

6. வாரத்துக்கு ஒரே நாள் எடை பாருங்கள். இடுப்பையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-க்கு உள்ளே என்பது நம் தேசத்தாருக்குச் சொல்லப்பட்ட அளவு. மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதும்.

சபையாய் என்ன செய்யலாம்?

ஒருவனைத் தனியே ஓடச் சொல்லிவிட்டு நாம் வடைத் தட்டோடு வழியில் நிற்கக் கூடாது. கூட்டம் முடிந்ததும் வடைக்குப் பதிலாய்ச் சுண்டல் கொடுக்கலாமே! சர்க்கரை போட்ட டீ ஒரு கேனிலும், போடாதது ஒரு கேனிலும் வைக்கலாமே! "போதும்" என்கிறவரை வற்புறுத்தாதிருப்பதும் அன்புதான். சகோதரிகள் தனியாய் விடியற்காலையில் நடக்கத் தெருநாயும் பயம், தெருப்பேச்சும் பயம். சீஷர்களை இரண்டிரண்டு பேராய் அனுப்பினார் அல்லவா? இரண்டிரண்டு பேராய் நடங்கள். நடந்துகொண்டே ஜெபியுங்கள்.

விழுந்தவர் எழும்பலாம்

கல்யாண வீடு வரும், கிறிஸ்துமஸ் வரும், பந்தியில் தோற்றுப்போகிற நாள் வரும். "எல்லாம் போச்சு, இனி எதுக்கு?" என்று பிசாசு காதில் சொல்லுவான். ஒரு வேளை தவறினால் ஒரு வேளைதான் தவறிற்று. அடுத்த வேளை புதியது. வனாந்தரத்தில் மன்னா எப்படி விழுந்தது? அந்தந்த நாளுக்கு அந்தந்த நாளின் பங்கு. நாற்பது வருஷத்துக்கு உரியது ஒரே நாளில் விழவில்லை. அதை ஒருவரும் சின்ன அற்புதம் என்று சொன்னதில்லை!

தேவபிள்ளையே, அழகுக்காக அல்ல, பிறர் மெச்சுவதற்காக அல்ல, உன்னை நம்பியிருக்கிறவர்களுக்காகவும் உன்னை அழைத்தவருக்காகவும் இன்று ராத்திரியே ஒன்றைத் தொடங்கு. ஒன்றே ஒன்று. ஒரு கரண்டி குறைவாய், ஒரு தெரு அதிகமாய். அது உன்னில் வேரூன்றின பின் அடுத்தது.

கர்த்தர் தாமே நம் ஆவி, ஆத்துமா, சரீரம் முழுவதையும் காத்து, அனுதினமும் கிருபை அளிப்பாராக. ஆமென்! அல்லேலூயா!